குளமும் தாங்கியும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பாடசாலையில் பத்தாம் வகுப்பு மாணாக்கருக்கு ஆங்கிலப் பந்தி ஒன்றைக் கொடுத்து, அதனைத் தமிழாக்குமாறு பணித்திருந்தேன். இலங்கையின் உலர் வலயத்து நீர்ப்பாசனத்தைப் பற்றிய பந்தி அது. பண்டைக்கால மன்னர்கள் 'டாங்க்' பல கட்டினார்கள் என்பது அதில் வரும் ஒரு வாக்கியம். விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரு மாணவனின் தாளில், 'பண்டைக்கால மன்னர்கள் பல தாங்கிகளைக் கட்டினார்கள்' என்று எழுதியிருக்கக் கண்டேன். முதலில் எனக்கு நகைப்பே உண்டாயிற்று. பின்னர் அம்மாணவனின் ஊரை நினைத்துப் பார்த்தேன். அவன் சீனன்குடாப் பக்கத்திலிருந்து வருபவன். பிறந்த நாள் தொட்டு அவன் கண்ட 'டாங்க்' எல்லாம் காட்டினிடையே வரிசை வரிசையாய் நிற்கும் இரும்பு எண்ணெய்த் தாங்கிகளே. அதே வகுப்பிற் கந்தளாய்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி ஐயத்திற்கிடமின்றிக் 'குளம்' என்று எழுதியிருந்தாள். சொல் ஒன்று; ஊர் இரண்டு; பொருளும் இரண்டு. போர்க்காலத்தைக் கண்ட எம்போன்றோருக்கு அச்சொல் மூன்றாவது பொருளொன்றையும் நினைவூட்டும். அதனை நான் சொல்லாமலே நேயர்கள் அறிவீர்கள்.

ஒரு சிறு ஆங்கிலச் சொல் இத்தனை வேறுபட்ட பொருள்களை எங்ஙனம் தாங்கி நிற்கின்றது? அது எங்கே பிறந்தது? எவ்வழியாக எங்கள் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலிற் பழமையான பொருளையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கும் ஆங்கிலத்தில் 'டாங்க்' என்றால் மழைநீரையோ ஆற்றுநீரையோ அணைகட்டித் தேக்கிய நீர்நிலை என்பது பொருள். இங்கிலாந்தில் வாழும் சாதாரண ஆங்கிலேயருக்கு இப்பொருள் எளிதில் விளங்காது. அவரிடம் சென்று, 'எங்கள் டாங்க் ஐந்து மைல் சுற்றளவு உடையது. அதிற் படகு விடலாம். முதலையும் உண்டு' என்றால் அவர் திகைத்து நிற்பார். இது எங்கள் நாடுகளிலே குடியேறிய ஆங்கிலர் தமக்கென ஆக்கிக்கொண்ட வழக்கு.

அவர்கள் இச்சொல்லை இங்கு வந்த நாளிலேயே ஆளவில்லை என்பதற்கு எங்கள் மாவட்டத்தோடு தொடர்புள்ள சான்று ஒன்று உண்டு. 1660ஆம் ஆண்டில் மூதூரை அடுத்த கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டிருந்த ஆங்கிலக் கப்பலைச் சேர்ந்த சிலரைக் கண்டி மன்னனின் ஆட்கள் சிறைப்பிடித்தனர். அவர்களுள் ஒருவர் றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞர். பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த பின்னர், 1679இல் அவர் வன்னிக் காடுகளினூடாக அரிப்புக் கோட்டையை அடைந்து, ஒல்லாந்தரிடம் சரண்புகுந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூலிலே எங்கள் குளங்களைப் பற்றிய தெளிவான விவரணம் காணப்படுகின்றது. ஆற்றுநீர் எட்டாத இடங்களில் மக்கள் மழைநீரைச் சேமிக்கும் வகை, அரைமதி வடிவான அணை, கோடையில் வற்றும்போது காட்டுக்குள் சென்று மாரியில் மீண்டுவரும் முதலைகள் என யாவற்றையும் அவர் எழுதியுள்ளார். ஆயினும் குளத்துக்கு அவர் வைத்த பெயர் 'பொண்ட்' என்பதே. தம் நாட்டுக் கிராமத்துச் சிறு குட்டைக்கு வழங்கும் பெயரையே இங்குள்ள பெருநீர்நிலைக்கும் சூட்டிவிட்டார். தாய்நாட்டை விட்டுப் பிரிந்த ஒருவன் புதியதொன்றைக் காணும்போது, தான் முன்னர் அறிந்ததொன்றின் பெயரையே அதற்கு இடுவது இயல்பன்றோ?

பின்னர் 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராகப் பணிபுரிந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் டெனன்ற் 1859இல் வெளியிட்ட பெருநூலில் எங்கு பார்க்கினும் 'டாங்க்' என்றே எழுதுகின்றார். நீர்ப்பாசன அதிகாரிகளும், நில அளவையாளரும், 1930களிற் பண்டைய நீர்ப்பாசன வேலைகளை ஆராய்ந்து எழுதிய ஆர். எல். புரோகியர் போன்ற அறிஞரும் அவ்வழக்கையே பின்பற்றினர். ஆகவே, நொக்ஸ் காலத்துக்கும் டெனன்ற் காலத்துக்கும் இடையில் இச்சொல் இந்நாட்டு ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்டது என்பது தெளிவு.

எங்கிருந்து வந்து வேரூன்றியது? இங்குதான் அறிஞர்களுக்கிடையே வழக்கு எழுகின்றது.

ஒரு சாரார் இது மேற்கிந்தியச் சொல் என்பர். குசராத்திலும் இராசபுத்தானத்திலும் மழைநீரைச் சேமிப்பதற்கு வீட்டு முற்றத்தின் கீழே கட்டப்படும் நிலத்தடித் தொட்டிக்கு 'டாங்கா' என்று பெயர். மராத்திய நாட்டு மலைக்கோட்டைகளிற் பாறையைக் குடைந்து அமைத்த நீர்த்தொட்டிகளை 'டாக்கே' என்பர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில வணிகர் முதன்முதலாக நிலையூன்றிய இடம் சூரத்து. அவ்விடத்து மக்கள் வாயிலிருந்து கேட்ட சொல்லே ஆங்கிலத்திற் புகுந்தது என்பது இச்சாராரின் கொள்கை.

மற்றொரு சாரார் இது போர்த்துக்கேயச் சொல் என்பர். போர்த்துக்கேய மொழியில் 'தாங்கெ' என்னும் சொல் நீர்த்தொட்டியைக் குறிக்கும். ஓடும் நீரைத் தடுத்து நிறுத்துதல், அதாவது தேக்குதல், என்னும் பொருளுடைய 'எஸ்தங்கார்' என்ற வினையோடு அதனை இணைத்துக் காட்டுவர். நாம் 'நீர்த்தேக்கம்' என்று சொல்வதன் பின்னால் இருக்கும் கருத்தும் அதுவே. இக்கட்சிக்கு வலிமையான சான்று ஒன்று உண்டு. 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்தபோது உடன்வந்தவர் ஒருவர் எழுதிய நாட்குறிப்பில், ஒரு கோயிலை அடுத்துக் கல்லாற் கட்டப்பெற்ற குளம் ஒன்றைக் கண்ட செய்தி வருகின்றது. அதனைச் சொல்லுமிடத்து அவர் ஆளும் சொல் 'தாங்கெ' என்பதே. இந்தியக் கரையில் இறங்கிச் சில நாள்களே ஆன ஒருவர் குசராத்திச் சொல்லைக் கற்று எழுதினார் என்பது பொருந்தாது. அச்சொல் அவர் தாய்மொழியில் முன்னரே இருந்திருத்தல் வேண்டும்.

இவ்விரு கட்சியையும் சீர்தூக்கிப் பார்த்தவர்கள் யூல், பேணெல் என்னும் இரு அறிஞர்கள். ஆங்கிலத்திற் கலந்த கீழைநாட்டுச் சொற்களைத் திரட்டி, 1886இல் வெளிவந்த 'ஹொப்சன் ஜொப்சன்' என்னும் அகராதியை ஆக்கியவர்கள் அவர்களே. ஒன்று இந்தியாவிலும் மற்றொன்று ஐரோப்பாவிலுமாக இரண்டு பிறப்பிடங்கள் உடையனபோலத் தோன்றும் சொற்களின் வரிசையில் அவர்கள் இதனைச் சேர்த்தனர். இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் அள்ளிய நீரை இன்ன ஆற்று நீர் என்று பிரித்துக் கூறுதல் இயலுமா? போர்த்துக்கேயரிடமிருந்து ஒரு சொல்லைக் கேட்ட ஆங்கில வணிகர், ஏறத்தாழ அதே ஒலியும் அதே பொருளுமுடைய சொல்லைச் சூரத்து மக்களிடமும் கேட்டனர். இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தின எனக் கொள்வதே இன்றுள்ள சான்றுகளுக்குப் பொருந்துவதாகும்.

இவ்விடத்தில் நேயர்களிற் பலரது உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். அது என் உள்ளத்திலும் நெடுங்காலம் இருந்த கேள்விதான். தமிழிலே 'தாங்கு' என்னும் வினை உண்டு. 'தாங்கி' என்னும் பெயர் உண்டு. அதனினும் மேலாகத் தமிழ்நாட்டிலே ஏரியைக் குறிக்கும் 'தாங்கல்' என்னும் சொல்லே உண்டு. பறவைகள் சரணாலயத்தாற் புகழ்பெற்ற வேடந்தாங்கல் ஓர் ஏரியின் பெயர். சென்னையை அடுத்துப் பழவந்தாங்கல் என்னும் ஊர் இருக்கின்றது. நீரைத் தாங்கி நிற்பது தாங்கல். இவ்வாறிருக்க, 'டாங்க்' என்பது எங்கள் தமிழ்ச் சொல்லே என்று ஏன் உரிமை கொண்டாடக் கூடாது?

கொண்டாட ஆசையாகத்தான் இருக்கின்றது. இளமையில் நானும் மேடையொன்றில் அவ்வாறு பேசிக் கைதட்டல் பெற்றதுண்டு. இன்று அதனை நினைத்தால் நாணமே மிகுகின்றது. ஒலி ஒத்திருக்கின்றது என்பது உறவுக்குச் சான்றாகாது. முகச்சாயல் ஒத்திருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவரை உடன்பிறந்தார் என்று நீதிமன்றம் ஏற்குமா? பிறப்புப் பத்திரம் வேண்டுமன்றோ? சொல்லாராய்ச்சியிற் பிறப்புப் பத்திரம் என்பது மூன்று செய்திகளைக் கொண்டது. அச்சொல் முதன்முதலாக எங்கே, யாரால் எழுதப்பட்டது என்பது ஒன்று. ஒரு மொழியிலிருந்து மறு மொழிக்கு எவ்வழியாற் சென்றது என்பது இரண்டு. இடையிலே பொருள் எவ்வாறு மாறியது என்பது மூன்று.

'கட்டுமரம்' என்னும் எங்கள் சொல் 'கற்றமறான்' என ஆங்கிலத்திற் புகுந்ததற்கு இம்மூன்றும் உண்டு. 17ஆம் நூற்றாண்டிலே சோழமண்டலக் கரைக்கு வந்த பிறையர், டம்பியர் முதலியோர் அதனைக் கண்டு எழுதிவைத்தனர். சுருட்டு 'செறூட்' ஆனதற்கும், மிளகுதண்ணீர் 'மல்லிகற்றோணி' ஆனதற்கும் இத்தகைய சான்றுகள் உண்டு. அவற்றில் நாம் தலைநிமிர்ந்து உரிமை கோரலாம். 'டாங்க்' என்பதற்கோ பழைய எழுத்துச் சான்றுகள் யாவும் மேற்குக் கரையையே காட்டுகின்றன. தாங்கலிலிருந்து அதற்கு வழி காட்டும் சான்று ஒன்றேனும் இல்லை. இல்லாத சொத்துக்கு வழக்காடுபவன், உள்ள சொத்துக்கான வழக்கிலும் நம்பிக்கை இழப்பான். ஆதலால் இச்சொல்லை அதற்குரியவர்களிடமே விட்டுவிடுவோம்.

இனி, குளத்தைக் குறித்த சொல் இரும்புக் கலத்தைக் குறிக்கத் தொடங்கிய வகையைப் பார்ப்போம். இந்தியாவிலே கல்லாற் கட்டிய நீர்த்தொட்டியும் 'டாங்க்' எனப்பட்டமையால், நீரைக் கொள்ளும் எந்தப் பெரிய கலத்துக்கும் அப்பெயரை நீட்டுதல் ஆங்கிலருக்கு எளிதாயிற்று. 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே இவ்வழக்கு தோன்றிவிட்டது. கடற்பயணத்துக்கு வேண்டிய குடிநீரை முன்னர் மரப் பீப்பாய்களிலே கொண்டுசென்றனர். அந்நீர் விரைவிற் கெட்டுவிடும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரித்தானியக் கடற்படை பீப்பாய்களுக்குப் பதிலாக இரும்பினால் ஆன நீர்க்கலங்களைக் கப்பல்களில் அமைக்கலாயிற்று. அவையும் 'டாங்க்' எனப்பட்டன. புகைவண்டி நிலையத்தில் உயர நிற்கும் நீர்க்கலம், மண்ணெண்ணெய்க் கலம், மீன் வளர்க்கும் கண்ணாடிக் கலம் என்று பொருள் விரிந்துகொண்டே சென்றது. எண்ணெய் சுமக்கும் கப்பலுக்கு 'டாங்கர்' என்னும் பெயர் பிறந்தது. அமெரிக்காவில் நீச்சற் குளத்தையும் 'டாங்க்' என்றனர். அங்கு அணியும் கையில்லாத நீச்சலுடையைப் போன்ற மேற்சட்டைக்கு 'டாங்க் டொப்' என்று பெயராயிற்று. அதனை அணிந்து திரியும் எங்கள் இளைஞருக்குத் தம் சட்டைக்குள் ஒரு குளம் ஒளிந்திருப்பது தெரியாது. மூளையை வேடிக்கையாகக் குறித்துவந்த 'திங்க் டாங்க்' என்னும் தொடர், 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிற் கொள்கை ஆராய்ச்சி நிலையங்களுக்குப் பெயராக நிலைத்தது.

இவ்விரிவின் ஒரு கிளைதான் எங்கள் துறைமுகத்துக்கு வந்தது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றிய பிரித்தானியர் அதனைத் தம் கடற்படைத் தளமாக்கினர். முதலாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அவர்களுடைய போர்க்கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறின. கப்பல்கள் எண்ணெய்க்கு மாறியபோது, அவை தங்கும் துறைமுகங்களில் எண்ணெயைச் சேமிக்க வேண்டியதாயிற்று. ஆகவே, இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் சீனன்குடாக் காட்டினிடையே, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும் பெரும் இரும்புத் தாங்கிகளை அவர்கள் நிறுவினார்கள். 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றைய தினமே 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. சீனன்குடாவிலே தாங்கியொன்று தீப்பற்றி எரிந்தழிந்தது. தாக்குண்ட யப்பானிய விமானமொன்று அதன்மேல் வந்து வீழ்ந்ததென்று எங்கள் ஊர்ப் பெரியோர் சொல்வர்.

1957இல் பிரித்தானியர் தளத்தை விட்டு அகன்றனர். தாங்கிகள் நின்றன. இன்று 99 தாங்கிகள் எஞ்சியுள்ளன. அவற்றிற் பலவற்றைக் காடு நெடுங்காலம் மூடிக்கிடந்தது. 2003இல் அவை இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்குக் குத்தகையாக விடப்பட்டன. 2022 சனவரியிற் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி 14 தாங்கிகள் அந்நிறுவனத்திடமும், 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், எஞ்சிய 61 தாங்கிகள் இரண்டும் கூடி அமைத்த நிறுவனத்திடமும் பகிரப்பட்டன. செய்தித்தாள்கள் இவற்றை 'எண்ணெய்க் குதங்கள்' என்றும் எழுதுவதுண்டு. ஆயினும் பொதுமக்கள் வாயில் வழங்குவது 'தாங்கி' என்பதே.

இத் 'தாங்கி' என்னும் சொல்லாட்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுமையை இறக்கி வைப்பதற்குத் தெருவோரத்தில் நாட்டிய கல்லைச் 'சுமைதாங்கி' என்றோம். இடியிலிருந்து கட்டடத்தைக் காக்கும் கம்பியை 'இடிதாங்கி' என்றோம். அம்மரபை ஒட்டியே, 'டாங்க்' என்னும் ஆங்கில ஒலிக்கு இயைபாகவும் தமிழ்ப் பொருளுக்குப் பொருத்தமாகவும் இலங்கைத் தமிழர் 'தாங்கி' என வழங்கலாயினர். தமிழ்நாட்டார் 'தொட்டி' என்பர். ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து பிறக்கவில்லை. ஆனால் அது எங்கள் கரைக்கு வந்தபோது, எங்கள் மொழி தன் கருவூலத்திலிருந்தே ஓர் ஆடையை எடுத்து அதற்கு உடுத்தியது. இதுவும் பெருமைக்குரிய செயலே.

அடுத்து, மூன்றாவது பொருள். 1915இல் முதலாம் உலகப் போரின்போது, முட்கம்பியையும் பதுங்குகுழியையும் கடந்து செல்லக்கூடிய கவச வண்டியொன்றை ஆக்குவதற்கு ஆங்கிலர் முயன்றனர். முதலில் அதனை 'நிலக்கப்பல்' என்றே அழைத்தனர். அப்பெயரைக் கேட்ட எவனும் பொருளை ஊகித்துவிடுவான். பகைவருக்குத் தெரியாதிருத்தல் வேண்டும். லிங்கன் நகரத்துத் தொழிற்சாலையிற் செய்யப்பட்ட அவ்வண்டியின் உடல் பெரிய நீர்க்கலம் போன்றிருந்தது. மெசப்பொத்தேமியப் பாலைவனத்துப் படைக்கு நீர் கொண்டுசெல்லும் கலம் என்று கதை கட்டிவிட்டனர். உரசியாவுக்குச் செல்லும் பொருள்போலக் காட்டுவதற்கு, 'பெத்துரோகிராட்டுக்கு, கவனம்' என்று உரசிய எழுத்திலும் வண்டிகளில் எழுதிவைத்தனர். அக்கதைக்கு ஏற்ற பெயரைத் தேடியபோது, நீர்க்கலத்தைக் குறிக்கும் நீண்ட சொற்களை விடுத்து, ஓரசைச் சொல்லாகிய 'டாங்க்' என்பதைத் தேர்ந்தெடுத்தனர். அத்தேர்வில் முன்னின்ற ஏணஸ்ட் சுவின்ரன் என்னும் படை அதிகாரி 1868இற் பெங்களூரிற் பிறந்தவர். குளங்கள் மலிந்த ஊர் அது. ஆனால் முன்னர் சொன்ன விதியை மறவாமல், இதனையும் ஒரு தற்செயலாகவே கொள்வோம். 1916 செப்ரெம்பர் 15ஆம் நாள் பிரான்சு நாட்டுச் சோம் போர்க்களத்தில், ஆயத்தமாயிருந்த 49 வண்டிகளில் 32 வண்டிகள் புறப்படுமிடத்தை அடைந்து முதன்முறையாகக் களம் புகுந்தன. மறைப்புப் பெயர் அன்றே நிலையான பெயராயிற்று. உயிருக்கு உணவாகிய நீரின் பெயரை உயிர் பறிக்கும் கருவி திருடிக்கொண்டது. எங்கள் வழக்கில் அதுவும் 'யுத்த தாங்கி' என்று ஆயிற்று.

நேயர்களே, ஒரு சொல் ஊர்ந்து சென்ற வழியைப் பார்த்தோம். இனி அது புறப்பட்ட இடமாகிய குளத்துக்குத் திரும்புவோம்.

திருகோணமலை நகரிலிருந்து கண்டி வீதியாற் சென்றால், ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் தூரத்திற் கந்தளாய்க் குளம் கடல்போல விரிந்து கிடக்கும். அதனை 7ஆம் நூற்றாண்டு மன்னனாகிய இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்று பாளி வரலாற்று நூலின் துணைகொண்டு அறிஞர் கூறுவர். எங்கள் கோணேசர் கல்வெட்டு முதலிய நூல்களும் செவிவழி மரபும் குளக்கோட்டு மன்னனைச் சொல்லும். கோணேசர் கோயிலின் திருப்பணிக்கு வேண்டிய நெல் விளைவதற்காக அவன் அக்குளத்தை அமைத்தான் என்பது மரபு. குளமும் கோட்டமும் கட்டியதனால் அவன் குளக்கோட்டன் ஆயினான் எனப் பெயர்க்காரணமும் சொல்வர். வரலாறும் மரபும் எவ்விடத்தில் வேறுபட்டாலும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. ஓர் அரசனுக்கு அழியாப் புகழ் தருவது குளம் என்பதே அது. போரிற் பெற்ற வெற்றியால் அன்றிக் கட்டிய குளத்தால் ஓர் அரசனுக்குப் பெயரிட்ட மக்கள் நாங்கள்.

'டாங்க்' என்னும் ஓரசைச் சொல் இக்குளத்தை முழுதாகச் சொல்லிவிடுமா? தாங்கி ஒரு கலம். அதனைக் கட்டி முடித்தால் வேலை முடிந்தது. பூட்டி வைக்கலாம், திறவுகோலைக் கையில் வைத்திருப்பவனுக்கே அது உரியது. குளம் அத்தகையதன்று. அதற்கு நீர் வந்து சேரும் காடு வேண்டும். குளக்கட்டு வேண்டும். அலைகரை வேண்டும். அளந்து நீர்விடத் துருசு வேண்டும். மிகுந்த நீர் வழிந்தோட வான் வேண்டும். வாய்க்கால் வேண்டும். முறை வைத்து நீர் பங்கிட வட்டவிதானை வேண்டும். கட்டிலே முளைக்கும் மரக்கன்றைப் பிடுங்கவும், எலிவளையை அடைக்கவும், ஊரார் ஆண்டுதோறும் கூடி உழைத்தல் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் குளம் குளமாக இராது. செட்டிகுளம், கனகராயன்குளம், பன்குளம் என்று எத்தனை ஊர்கள் குளத்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டிருக்கின்றன! தாங்கியின் பெயரால் ஓர் ஊர் எழுந்ததில்லை.

குளத்தைக் கலமாக எண்ணி வாளாவிருக்கலாகாது என்பதை எங்கள் மாவட்டம் பெருந்துயரால் அறிந்தது. 1986ஆம் ஆண்டு ஏப்பிரில் 20ஆம் நாள், ஊர் உறங்கும் பின்னிரவு வேளையிற் கந்தளாய்க் குளக்கட்டு உடைத்துக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளும் வயல்களும் வெள்ளத்தில் மறைந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நின்ற கட்டு அது. தானாகவே நிற்கும் என்று மனிதர் நம்பும் எதுவும் தானாக நிற்பதில்லை. யாரோ அதனைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கைகள் தளருமிடத்துக் கட்டும் தளரும். கட்டு பின்னர் திருத்தப்பட்டது. குளம் மீண்டும் நிரம்பியது. அவ்விரவிற் போனவர்கள் மீளவில்லை.

ஆதலால் அன்று அம்மாணவனின் விடைத்தாளிலே சிவப்பு மையாற் பிழை என்று கீறி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அவனை அழைத்துக் கந்தளாய் மாணவியின் தாளையும் அருகில் வைத்து, இரண்டையும் வாசிக்கச் செய்தேன். 'ஆங்கிலேயனிடம் ஒரு சொல்தான் இருக்கிறது, தம்பி. உன்னிடம் இரண்டு இருக்கின்றன. எது எங்கே பொருந்தும் என்று தெரிவது உன் பொறுப்பு' என்றேன். அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, 'அப்படியென்றால் சேர், கந்தளாய்க் குளம் உடைத்ததென்று எங்கள் அம்மம்மா சொல்வதை ஆங்கிலத்தில் எழுதினால், வெளிநாட்டில் வாசிப்பவர்கள் இரும்புத் தாங்கி உடைத்தது என்று நினைப்பார்களோ?' என்று கேட்டான்.

அக்கேள்விக்குப் பின்னர் நான் விளக்க வேண்டியது அதிகம் இருக்கவில்லை. ஒரு சொல்லின் வரலாற்றைக் கற்பது அறிஞரின் பொழுதுபோக்கு மட்டுமன்று. பிறமொழிச் சொல்லின் வழியாக நம் பொருளை நாமே பார்க்கத் தொடங்கும்போது, அப்பொருளின் பாதி நம் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றது. துருசும் அலைகரையும் வானும் பாடநூலிலிருந்து மறைந்தால், அவற்றைப் பேணும் அறிவும் நாளடைவில் மறையும். ஆங்கிலத்தை நன்றாகக் கற்போம். அதன் சொற்கள் நடந்துவந்த பாதையையும் அறிவோம். எமக்குரியதல்லாததை உரிமை கோராமலும் இருப்போம். ஆயினும் குளத்தைக் குளம் என்றே எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். இன்று இரவு உங்கள் வீட்டுப் பிள்ளை ஆங்கிலப் பாடம் படிக்கும்போது 'டாங்க்' என்னும் சொல் வந்தால், அது எந்த 'டாங்க்' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.